வால் வைத்த கையெழுத்து

புக்கிட் செராய் தோட்டம்,
லிங்கி, நெகிரி செம்பிலான்.
9 மார்ச்

அன்பு மருமகள் புனிதாவுக்கு உன் தாய்மாமன் தங்கராஜு எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் லயத்து வீடுகளில் எல்லோரும் சுகம். அந்தக் குளிரில் உன் நெஞ்சில் சளி கட்டாமல் மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

போனில் கூப்பிட்டால் இரண்டே நிமிடத்தில் சரி மாமா, டியூட்டிக்கு நேரமாச்சு மாமா என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முழுதும் படித்துத்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை தாள்.

நீ அங்கே தாதி வேலையோடு பரீட்சையும் எழுதி, டாக்டரைக் கேட்காமலே மருந்து எழுதித் தரும் அனுமதி வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். அவள் சொன்னது எனக்கு மட்டும். நான் கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் சொன்னேன். லண்டன் என்றே சொன்னேன். லீட்ஸ் என்றால் இங்கே யாருக்குத் தெரியும். பெரிய பெரிய டாக்டர்கள் உன் கையெழுத்துக்காக வரிசையில் நிற்பதாகவும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். ஜனங்கள் கை தட்டினார்கள்.

அதை விடப் பெரிய செய்தி இனிமேல்தான். மருந்து கொடுத்துக் கட்டுப் போட்டுவந்த டிரசர் திருநாவுக்கரசு ஓய்வு வாங்கிப் போன பிறகு இரண்டு வருடமாக நம் தோட்டத்து ஆஸ்பத்திரியை உன் அம்மா ஒருத்திதான் இழுத்துக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமை மட்டும் டாக்டர் ஹேமநாதன் போர்ட் டிக்சனிலிருந்து காரில் வருவார். மற்ற நாளெல்லாம் உன் அம்மா குமுதாதான். இருபத்தொன்பது வருடம் டிரசருக்குப் பக்கத்தில் நின்று கற்றது. சான்றிதழ் கிடையாது, கை இருக்கிறது.

இப்போது மாநில சுகாதார இலாகா ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்திருக்கிறது. யார் யார் எந்த வைத்திய வேலையைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று பட்டியல் போடுகிறார்கள். உன் அம்மா போல் சான்றிதழ் இல்லாத பழைய ஆட்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள், ஜனங்களை விசாரிப்பார்கள். திருப்தி என்றால் நான்கு வேலைகளுக்கு மட்டும் கடிதம் கிடைக்கும். புண் கழுவிக் கட்டுவது, பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, டாக்டர் எழுதிய இன்சுலினைப் போடுவது. உன் அம்மா செய்வதும் இந்த நான்குதான். அவளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை வந்தார்கள். நாற்பது பேர் கொண்ட படை. சரி, இரண்டு பேர். ஒருவர் உள்ளே போய் மருந்து அலமாரியை உன் அம்மாவோடு சரிபார்த்தார். இன்னொருவர் புவான் ரொஹானா என்ற அதிகாரி அம்மாள், மலாய்க்காரர், சிரித்த முகம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

முதல் நாளே உன் அம்மா என்னிடம், அண்ணே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுண்ணே, நாலுன்னா நாலு, அஞ்சாக்கிடாதே என்றாள். நான் சரி என்றேன்.

ஆனால் நீயே சொல். எனக்கு முன்னால் போனவர்கள் பேசிய லட்சணத்தைக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? சன்னாசி போனான். சர்க்கரையில் கண் போன என் சிநேகிதன், உனக்குத் தெரியுமே, காலில் புண் வைத்துக்கொண்டு தினமும் உன் அம்மாவிடம் கட்டுப் போட்டுக்கொள்கிறவன். அவன் போய், கழுவி விடும், கட்டி விடும், ஊசி போடும், நல்ல பிள்ளை என்று நான்கே வார்த்தையில் முடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். இருபத்தொன்பது வருட உழைப்புக்கு இவ்வளவுதானா?

அதனால் என் முறை வந்தபோது கொஞ்சம் விரிவாகவே பேசினேன். முதலில் நான் யார் என்று தெரிய வேண்டாமா? மண்டோராக ஆயிரம் ஆட்களை மேய்த்ததையும், மூன்று வயதில் உனக்கு ஜன்னி கண்டு பாலம் முழுகிய அன்று உன்னைத் தோளில் வைத்து வெள்ளத்தைக் கடந்ததையும் சொன்னேன். பிறகு உன் அம்மாவுக்கு வந்தேன். பிரசவம் பார்ப்பாள் என்றேன். வெட்டுக் காயத்துக்குத் தையல் போடுவாள் என்றேன். பாம்பு கடித்தவனுக்கு ஊசி போட்டு எழுப்பி உட்கார வைத்தாள், அவன் அன்றைக்கே செம்பனைக் குலை வெட்டப் போனான் என்றேன். புவானின் பேனா நிற்கவே இல்லை.

ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள், அடா கெபெனாரான், அடா கெபெனாரான் என்று கேட்டார். பெனார் என்றால் உண்மை என்று எனக்குத் தெரியாதா? இதெல்லாம் உண்மைதானா என்று கேட்கிறார். அடா, புவான், செமுவா அடா, எல்லாம் உண்டு என்றேன். கெபெனாரான் சியாப்பா என்றார். யாருடைய உண்மை, அதாவது யார் சாட்சி. சும்மா ஆளையா சொல்வேன்? டாக்டர் ஹேமநாதன் என்றேன். படித்துக் காட்டிவிட்டுக் கீழே கையெழுத்துக் கேட்டார். என் கையெழுத்துத்தான் தெரியுமே உனக்கு. அரைப் பக்கத்துக்கு வால் இழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் சன்னாசி, அப்படிப் போடு மண்டோரே, நீ பேசினது கேட்டு எனக்கே கண்ணு தெரிஞ்சிடும் போலிருக்கு என்றான். உன் அம்மா உள்ளே இருந்ததால் கேட்கவில்லை. அவளுக்கு நான் இன்னும் சொல்லவும் இல்லை. கடிதம் வந்ததும் தெரிந்துகொள்ளட்டும். நாலு கேட்ட இடத்தில் பத்துக்கு அனுமதி வரும், பார்.

எந்நாளும் உன் நன்மையை நினைக்கும் தாய்மாமன்,
மண்டோர் (ஓய்வு) தங்கராஜு


புக்கிட் செராய்,
21 ஏப்ரல்

அன்பு மருமகள் புனிதாவுக்கு மாமன் எழுதுவது.

நலம். மழை அதிகம். செம்பனைக் குலை ஏற்றப் போன லாரி சேற்றில் இறங்கி ஒரு பகல் முழுக்க அங்கேயே நின்றது.

உன் அம்மா போனில் எதுவரை சொன்னாள் என்று தெரியவில்லை. சுகாதார இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை உன் அம்மா எந்த நோயாளியையும் தொடக் கூடாது. அவள் தன் எல்லையை மீறி, அனுமதி இல்லாத வேலைகளைச் செய்ததாகச் சாட்சி இருக்கிறதாம். டாக்டர் ஹேமநாதன் அனுமதி கொடுத்ததாகவும் சாட்சியில் இருக்கிறதாம். அவரைக் கேட்டிருக்கிறார்கள். தையலும் பிரசவமும் செய்யச் சொல்லி நான் எந்த நாளும் சொன்னதில்லை, என் பெயரை யார் இழுத்தது என்று அவர் கோபித்துக்கொண்டு, புதன்கிழமை வருவதையும் நிறுத்திவிட்டார்.

ஏதோ ஒரு சொல்லில் வந்த குழப்பம் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மாதவி சொல்கிறாள். அது படித்த பெண், எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்க்கும். அரசாங்கக் காகிதம் என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும். எனக்கு சிரம்பானில் ஆள் இருக்கிறது. ஒரு போனில் சரிசெய்துவிடுவேன்.

உன் அம்மா சாவியைத் துடைத்து, உறையில் போட்டு, மாதவியிடம் கொடுத்துவிட்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டைகள் மூன்றும் துவைத்துக் கொடியில் தொங்குகின்றன. என்னோடு அதிகம் பேசுவதில்லை. களைப்பாக இருக்கலாம்.

சன்னாசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று உன் அம்மாவிடம் நீயும் சொல். லிங்கியில் இருக்கிற அரசாங்கக் கிளினிக்கில் வாரம் மூன்று நாள் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள். இன்சுலினை அவன் பக்கத்து வீட்டுப் பெண் செல்லம் பார்த்துக்கொள்கிறது. கிளினிக்குப் பதினொரு கிலோமீட்டர், பஸ் கிடையாது. என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து ஒரு நாள் தவறாமல் கொண்டுபோகிறேன். சாயங்காலம் உன் அம்மா வாசலில் நின்று, போனியா என்று ஒரு சொல் கேட்பாள். போனேன் என்பேன். உள்ளே போய்விடுவாள். இப்போது அவள் என்னிடம் பேசுவது அந்த ஒரு சொல்தான்.

வாட்சாப்பில் நான் அனுப்பும் சாமிப் படங்களுக்கு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமன்,
மண்டோர் (ஓய்வு) தங்கராஜு


புக்கிட் செராய்,
23 ஜூன்

புனிதாவுக்கு,

ஒன்பது தடவை போன் செய்தேன். இல்லை, நான்கு தடவை. நீ எடுக்கவில்லை. உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். இதைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை முழுதும் படித்துவிடு.

சன்னாசி ஜூன் நான்காம் தேதி சிரம்பான் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. போன வியாழக்கிழமை கருமாதி முடிந்தது.

ஒரு நாள் தவறாமல் கொண்டுபோகிறேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். அவன் கிளினிக் அட்டை இப்போது என் முன்னால் இருக்கிறது. இருபத்தொரு தேதி எழுதியிருக்கிறது. முத்திரை பதின்மூன்றுக்குத்தான். எட்டு நாள் போகவில்லை. மூன்று நாள் மழை. இரண்டு நாள் மோட்டார் கிளம்பவில்லை. இரண்டு நாள் கோயில் கூட்டம். அங்கே நான் இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. கடைசி ஒரு நாள் எனக்குப் போக அலுப்பாக இருந்தது. இன்றைக்குப் பொது விடுமுறைடா, கிளினிக் திறக்காது என்று சொன்னேன். அப்படியா மண்டோரே, அப்போ பால் விடாம தே ஓ போடச் சொல்லு, உக்காந்து பேசலாம் என்றான். வாயில் வந்ததை எல்லாம் நான் அளப்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். நம்பியது அவன் ஒருவன்தான். அன்றைக்கும் நம்பினான்.

அந்த எட்டு நாளும் சாயங்காலம் உன் அம்மா கேட்டாள். போனேன் என்றுதான் சொன்னேன்.

மே கடைசியில் ஒரு காலையில் அவன் வீட்டைத் தாண்டிப் போகும்போது அவளுக்கு வாடை தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் கட்டைப் பிரித்தாள். தொடக் கூடாது என்று கடிதம் இருக்கிறதே குமுதா என்று நான்தான் சொன்னேன். கடிதத்தை நானும் படிச்சிருக்கேன், நீ தண்ணி காய வை என்றாள். அவள் கழுவும்போது நான் வாசல் பக்கம் திரும்பி நின்றேன். எத்தனை நாளாண்ணே கட்டு மாத்தலை என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. சன்னாசி முந்திக்கொண்டு, அண்ணனை ஏசாதே பிள்ளை, நடுவிலே பொது விடுமுறை வந்துச்சு என்றான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லும் நின்றுவிட்டது.

அம்புலன்சைக் கூப்பிட்டது அவள்தான். அன்று மத்தியானமே ஒரு தாளில், தடையை மீறி இன்ன நாள் இன்ன நேரம் ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்டேன் என்று எழுதி மாதவியிடம் கொடுத்துவிட்டாள். அது மட்டும்தான் உண்மையாகவே அவள் மீறியது. அதையும் அவளே எழுதிக் கொடுத்தாள்.

சொல் குழப்பம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே. மாதவி என்னை ஆபீசில் உட்கார வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாள். மாமா, பெனார்னா உண்மைதான், ஆனா ஆபீஸ் காகிதத்திலே கெபெனாரான்னா அனுமதி. அவங்க உங்களை உண்மையான்னு கேக்கலை. அனுமதி இருக்கா, யார் அனுமதின்னு கேட்டாங்க. நீங்க டாக்டர் பேரைச் சொல்லியிருக்கீங்க. இலாகா கடிதத்தோடு வந்திருந்த என் வாக்குமூலத்தின் நகலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்தின் வால் பக்கத்தின் ஓரம்வரை போயிருந்தது.

மலாய் தெரியாததால் வந்த வினை என்று உன்னிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். இரண்டு தாள் அப்படி எழுதிக் கிழித்தும் போட்டேன். அந்த அம்மாள் உண்மைதானா என்றே கேட்டிருந்தாலும் நான் சொன்னதில் உண்மை எங்கே இருந்தது? உன் அம்மா ஒரு தையல் போட்டதில்லை. பிரசவம் பார்த்ததில்லை. பாம்பு கடித்தவனை லாரியில் ஏற்றி அனுப்பினாள், அவ்வளவுதான். நான்கு வேலை செய்தாள். நான்குக்கும் அனுமதி தரத்தான் அவர்கள் ஜீப் ஏறி வந்தார்கள். கதவைத் திறக்க வந்தவர்கள் கையில் நான்தான் பூட்டைக் கொடுத்தேன்.

புனிதா, உன் அம்மாவைச் சிறுமைப்படுத்த நான் அப்படிப் பேசவில்லை. நாலு என்பது எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. என் தங்கைக்கு அது போதாது என்று தோன்றியது.

இனி நான் இதை எழுத வந்த காரியம். விசாரணை ஜூலை பதினெட்டு, சிரம்பானில். மாதவி புவான் ரொஹானாவுக்குப் போன் செய்து பேசினாள். சாட்சி தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறலாமாம். ஆனால் கூடப் பிறந்தவன் இப்போது மாற்றிச் சொன்னால், தங்கையைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றுதான் குழு நினைக்குமாம். முதலில் சொன்னதுதான் பொய் என்று வேறு யாராவது எழுதித் தர வேண்டும்.

லயத்தில் வீடு வீடாகப் போனேன். தங்கராஜு சின்ன வயதிலிருந்தே பொய் சொல்கிறவன் என்று எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டேன். மண்டோரே, இது என்ன புதுக்கதை, காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா என்று சிரித்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தும் நம்பவில்லை. நம்பிய ஒன்றிரண்டு பேரும் அரசாங்கக் காகிதம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். சன்னாசி இருந்திருந்தால் போட்டிருப்பான். அவனுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல் வைத்திருப்பான்.

அதனால்தான் உன்னிடம் வந்து நிற்கிறேன். நீ மகள்தான், ஆனால் பதிவு பெற்ற தாதி. உன் பதிவு எண்ணைப் போட்டு எழுதினால் படிப்பார்கள் என்கிறாள் மாதவி. எந்த வேலை யார் எல்லைக்குள், எது வெளியே என்று உனக்குத் தெரியும். அம்மா எதைச் செய்வாள், எதைத் தொடவே மாட்டாள் என்றும் உனக்குத் தெரியும். அதை எழுது. கூடவே என்னைப் பற்றியும் எழுது. கூச்சப்படாமல் எழுது.

நான் மண்டோராக இருந்ததில்லை என்று எழுது. முப்பத்தொரு வருடமும் லாரியில் கெலிண்டான், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்க் குலை ஏற்றி இறக்குகிற ஆள். மண்டோர் முடியாமல் படுத்திருந்தபோது மூன்று வாரம் அவர் விசிலை வைத்திருந்தேன். உன் முன்னால் வரிசை நிற்கும் டாக்டர்களையும் நான்தான் உண்டாக்கினேன் என்று எழுது.

அந்த வெள்ளத்தையும் எழுது. உனக்கு மூன்று வயது, நினைவிருக்காது. அதனால் நான் சொன்னதைத்தான் நீ இத்தனை நாளும் உன் சிநேகிதிகளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னைத் தோளில் வைத்துக் கடந்தது நான் இல்லை. உன் அம்மா. எனக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. நெஞ்சு மட்டத் தண்ணீரில் அவள் இறங்கிப் போனாள். நான் இந்தக் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கரை ஏறியதும், நான் பயந்துகொண்டிருப்பேன் என்று, திரும்பிக் கையைக் காட்டினாள். அவள் காது கேட்கவே எத்தனை தடவை நான் இந்தக் கதையை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னதில்லை. சாப்பாடு ஆறுதுண்ணே என்று மட்டும் சொல்வாள்.

திங்கட்கிழமை முதல் அவள் செனாவாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். விடியுமுன் பஸ் வருகிறது. நோயாளிகளைத் தொடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் கையுறையைப் பெட்டிக்கு நூறாக அடுக்குவதுதான் வேலையாம். ஐம்பத்து நான்கு வயதில். கொடியில் தொங்கிய மூன்று சட்டைகளையும் மடித்துப் பையில் வைத்துவிட்டாள். அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை என்பதைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். போனையும் எடுக்க வேண்டாம். எனக்கு எதிராக ஒரு பக்கம் எழுதி, பதினெட்டாம் தேதிக்கு முன்னால் வந்து சேரும்படி அனுப்பிவிடு தாயே. குழுவின் முன்னால் நானே அதைப் படிக்கிறேன். மலாயில் மாதவி எழுதித் தருவாள். அதில் உள்ளதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

தொடுகிற இடமெல்லாம் உன் கையால் நோய் ஆறட்டும். உன் அம்மாவின் கைக்கும் அந்தப் பாக்கியம் திரும்பக் கிடைக்கட்டும்.

தங்கராஜு,
லாரி கெலிண்டான்